கிணறு கெட்டுப்போனால் இழப்பீடு: மனு ரசீதை நம்பி ஐந்து வருடத்தைத் தொலைக்காதீர்கள்

பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு பெரியவர் என் கையில் மஞ்சப்பை ஒன்றைக் கொடுத்தார். உள்ளே பதினொரு மனு ரசீதுகள். நாலாக மடித்து, மடிப்பு கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டிப் பத்திரப்படுத்தியிருந்தார். தொழிற்சாலைக் கழிவால் கிணற்றுத் தண்ணீர் பழுப்பானது, தென்னையில் குரும்பை கொட்டியது, மாடு தொட்டியில் வாய் வைக்காமல் திரும்பியது எல்லாம் மனுவுக்கு மனு எழுதியிருந்தார். முதல் ரசீதின் தேதியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தது. இழப்பீடு கேட்கச் சட்டம் கொடுத்த அவகாசம் ஐந்து வருடம்தான். இதை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று மட்டும் பதில் வந்திருக்கிறது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010. அதன் 15-வது பிரிவின்படி, தொழிற்சாலைக் கழிவால் பாதிக்கப்பட்டவர் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் அந்தத் தீர்ப்பாயத்தில் நேரடியாக இழப்பீடு கேட்கலாம். உயிரிழப்பு, நோய், மருத்துவச் செலவு, நிலம், பயிர், மரம், கறவை மாடு, உழவு மாடு, பிழைப்பு இழப்பு எல்லாம் அதில் அடங்கும். தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கத்தில், கலச மகாலில் இருக்கிறது.

முக்கியமானது காலக்கெடு. இழப்பீடு கேட்க ஐந்து வருடம். தக்க காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள் தருவார்கள், அதற்கு மேல் இல்லை. ஆலையின் கழிவை நிறுத்தச் சொல்லி மட்டும் கேட்பதானால் 14-வது பிரிவு, அதற்கு ஆறே மாதம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "ஆறு மாதம் போயிடுச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று ஆட்களைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சொன்னால் கேட்டுக்கொண்டு வராதீர்கள், இழப்பீட்டுக்கு ஐந்து வருடம் உண்டு. ஆனால் அந்த ஐந்து வருடமும் பாதிப்பு முதன்முதலில் ஏற்பட்ட நாளிலிருந்து ஓடுகிறது. "கழிவு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது, அதனால் கெடு முடியாது" என்று வாதாடலாம்தான். அந்த வாதத்தை நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

கலெக்டரிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் முதல்வரின் தனிப்பிரிவிலும் கொடுக்கும் மனு எதுவும் இந்தக் கணக்கை நிறுத்தாது. மனு என்பது வழக்கு அல்ல. தாசில்தார் ஆபீஸில் கேட்டால் வாரியத்தைக் கேளுங்கள் என்பார்கள். வாரியத்தில் கேட்டால் நிலத்தடி நீர் எங்கள் வேலை இல்லை, நீர்வளத்துறையைப் பாருங்கள் என்பார்கள். இந்த அலைச்சலிலேயே இரண்டு வருடம் போய்விடும். மனுவைக் கொடுங்கள், ரசீதும் வாங்குங்கள், பாதிப்பு எப்போது தொடங்கியது என்பதற்கு அது நல்ல சாட்சி. கூடவே தீர்ப்பாய வேலையையும் தொடங்கிவிடுங்கள்.

இன்னொரு ஏமாற்றம் செய்தித்தாளில் வருகிறது. "ஆலைக்குக் கோடிக்கணக்கில் அபராதம்" என்று படித்துவிட்டு நமக்கும் பங்கு வரும் என்று ஊரே காத்திருக்கும். வாரியம் போடும் சுற்றுச்சூழல் இழப்பீட்டுத் தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. உங்கள் இழப்புக்கு நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதேபோல வெள்ளம், கசிவு என்று அரசு கொடுக்கும் நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. வேறு இடத்தில் பணம் வாங்கியிருந்தாலும் மனு போட்டிருந்தாலும் அதைத் தீர்ப்பாயத்திடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால் அதுவே வழக்கைக் கெடுத்துவிடும்.

இழப்பீடு பெறுவோர் பட்டியலில் பெயர் ஏறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வேலூரே சாட்சி. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது, 2001 மார்ச்சில் அது தொகையை நிர்ணயித்தது. அப்படியும் பணம் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுங்கள் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. பட்டா தாத்தா பெயரில் இருந்தால் இன்றே வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப் போடுங்கள். நாளைக்குத் தொகை வரும்போது பெயர்க் குழப்பத்தில் சிக்கினால் மறுபடி அலைய வேண்டியிருக்கும்.

அடுத்து அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) எழுதி வைக்கும் பதிவேடு. பலர் கவிழ்வது இங்கேதான். தண்ணீர் கெட்ட பிறகு பயிர் வைக்க முடியாமல் நிலத்தைப் போட்டுவிடுவீர்கள். வி.ஏ.ஓ. "தரிசு" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். நாலு வருடம் கழித்து அதே அடங்கலைக் காட்டி, "பயிரே வைக்கவில்லையே, என்ன நஷ்டம்?" என்று கேட்பார்கள். தண்ணீர் கெடுவதற்கு முந்தைய மூன்று நான்கு பசலிகளின் (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டுதான் பசலி) அடங்கலை இப்போதே வாங்கி வையுங்கள். அன்றைக்கு நெல்லும் கரும்பும் இருந்தன, இன்றைக்குத் தரிசு என்பதே உங்கள் ஆதாரம். குத்தகைக்காரர்களுக்குக் கஷ்டம் இன்னும் கூடுதல். நெல் விற்ற ரசீது, உரக்கடை பில், நிலத்துக்காரர் எழுதிக் கொடுத்த கடிதம், கையில் சிக்கிய எதையும் எறியாதீர்கள்.

தண்ணீர் பரிசோதனைக்கு வருவோம். கேனில் பிடித்துக்கொண்டு லேப்புக்குப் போனால், "மாதிரி கொண்டு வந்தவர் கொடுத்தது" என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரி போதும். அங்கீகாரம் பெற்ற லேப் ஆளையே கிணற்றடிக்கு வரவழைத்து, அவர்கள் பாட்டிலில் எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரண்டு பேர் உடன் இருக்கட்டும், போட்டோவும் எடுங்கள். சாதாரணக் குடிநீர்ப் பரிசோதனையில் கன உலோகங்களைப் பார்க்க மாட்டார்கள். தோல் கழிவு என்றால் குரோமியம் பாருங்கள் என்று எழுதிக் கேட்க வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது. சாயப்பட்டறைக் கழிவு என்றால் கரைந்துள்ள உப்பு, குளோரைடு, சல்பேட். வாரியமே எடுத்த பரிசோதனை அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்குக் கேட்டு வாங்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பெரும்பாலும் நமக்குத் தேவையான எண் அவர்கள் கோப்பிலேயே இருக்கும்.

கட்டண விஷயத்தில் கவனம். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம் கட்ட வேண்டும், குறைந்தது 1,000 ரூபாய். புரோக்கர் பேச்சைக் கேட்டு ஐம்பது லட்சம் என்று எழுதினால் ஐம்பதாயிரம் கட்ட வேண்டியிருக்கும். ஆதாரம் காட்ட முடிந்த தொகையை எழுதுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது, அதற்குச் சான்று வேண்டும். தீர்ப்பாயத்தில் வேலை ஆங்கிலத்தில் நடக்கிறது. உங்கள் பட்டா, அடங்கல், மனு எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும், அதற்கும் ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தொழிற்சாலைப் பேரழிவில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். நிலம் அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ இருந்தால் அவர்கள் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். வருமானச் சான்றிதழ் கேட்டு அலைக்கழித்தால், சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவு என்று சொல்லுங்கள்.

அந்தப் பெரியவரின் பையில் அடியில் ஒரு தாள் கிடந்தது. அவர் மருமகள் தன் பெயரில் உள்ள அரை ஏக்கரில் போர்வெல் போட்ட பில். அந்த போர்வெல் தண்ணீர் கெட்டு மூன்று வருடம்தான் ஆகிறது. அந்தத் தேதியிலிருந்து கணக்கு எழுத ஆரம்பித்திருக்கிறோம்.