தேங்காய்ப்பூவுக்கு இங்கிலிஸ் என்ன, ரீச்சர்?

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் காலையில் என்ன சாப்பிட்டது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். யோசிக்காமல் "அப்பிள்" என்றது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் புட்டும் முட்டைப் பொரியலும்.

"பிறகேன் அப்பிள் எண்டு சொன்னனீங்கள்?"

"புட்டுக்கு இங்கிலிஸ் இல்லைத்தானே, ரீச்சர்."

பிள்ளையில் பிழையில்லை. சுவரில் தொங்கும் படத்தாளில் அப்பிள், ஸ்ரோபெரி, பேகர்தான் இருக்கின்றன. ஸ்ரோபெரியை எழுத்துப் பிசகாமல் எழுதும் பிள்ளைக்குத் தேங்காய்க்கும் தேசிக்காய்க்கும் சொல் தெரியாது. அதனால் நான் படத்தாளைக் கழற்றிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியில் தொடங்குகிறேன்.

புட்டைப் புட்டு என்றே சொல்லலாம். இடியப்பத்துக்கும் அப்பத்துக்கும் நம் நாட்டு ஆங்கிலத்தில் ஸ்ரிங் ஹொப்பர், ஹொப்பர் என்று பெயர் இருக்கிறது. ஹொப்பர் என்பதே அப்பத்திலிருந்து போன சொல் என்றால் பிள்ளைகளுக்கு ஒரு பெருமை. புட்டுக்குத் தனிச்சொல் இல்லாததும் ஒருவகையில் நல்லதுதான்: அது என்னவென்று விளக்கியாக வேண்டும். மா, தேங்காய், ஆவி என்று மூன்று சொற்கள் வாக்கியத்தோடு சேர்ந்தே வந்துவிடும். அப்படி விளக்கும்போதுதான் ஒரு பிள்ளை தேங்காய்ப்பூவை "கோக்கனட் ஃபிளவர்" என்றது. சிரிப்பை அடக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆங்கிலத்தில் மாவும் பூவும் எழுத்தில் வேறு, உச்சரிப்பில் ஒன்று. துருவிய தேங்காய்க்கு "கிரேற்றட் கோக்கனட்" என்று திருத்தினேன்.

நாம் சுளகில் புடைப்பது அரிசி, கோப்பையில் போட்டுச் சாப்பிடுவது சோறு. ஆங்கிலத்தில் இரண்டும் ரைஸ்தான். "ஹொட்" என்ற சொல்லும் இப்படித்தான், சூட்டுக்கும் அதுவே, உறைப்புக்கும் அதுவே. ஆறிப்போன கறியை "ஹொட்" என்று சொன்ன பிள்ளையைப் பிழை என்று அதட்டிவிடாதீர்கள். அதற்கு உறைத்திருக்கும்.

பேக்கரிப் பக்கம் வந்தால் சிக்கல் வேறு. ரோல்ஸ், பணிஸ் இரண்டிலும் ஆங்கிலப் பன்மை ஒட்டிக்கொண்டே நம் வாய்க்கு வந்துவிட்டது. கடையில் "ஒரு ரோல்ஸ் தாங்கோ" என்று கேட்கிற பிள்ளை வகுப்பில் "வன் ரோல்ஸ்" என்று எழுதாமல் வேறென்ன செய்யும்? பாண் என்பதைப் பலர் ஆங்கிலம் என்றே நினைக்கிறார்கள். அது போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். ஆங்கிலத்தில் "பான்" என்றால் பொரிக்கிற சட்டி. பிரெட்டை ஒன்று, இரண்டு என்று எண்ணவும் முடியாது. முழுப் பாண் என்றால் "லோஃப்", வெட்டிய துண்டு "ஸ்லைஸ்" என்று அளவுச் சொல் வேண்டும். இதை இலக்கணமாக நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விடும். பாணையும் கத்தியையும் மேசையில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும்.

அம்மாமாரிடம் ஒன்று கேட்க வேண்டும். கொப்பியில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதிக் கொடுக்காதீர்கள். நமக்கு இருப்பது ஒரே ஒரு "ப". மீனைப் "பிஷ்" என்று எழுதினால் பிள்ளையும் அப்படியே வாசிக்கும். "பீஸ்" என்று எழுதினால் அது பச்சைப் பட்டாணியா தேனீக்களா என்று யாருக்கும் தெரியாது. மரக்கறிக்கான சொல்லின் கடைசியில் மேசை இருப்பதுபோல எழுத்தில் தெரியும், உச்சரிப்பில் "டேபிள்" வராது. எழுத்தைக் காட்டுமுன் இரண்டு மூன்று நாள் காதால் கேட்கட்டும்.

உங்கள் உச்சரிப்பில் நம்பிக்கை இல்லையென்றால் கைத்தொலைபேசியில் அகராதியைப் பேசவிட்டுப் பிள்ளையோடு நீங்களும் சொல்லிப் பாருங்கள். சமைக்கும்போது வெங்காயத்தை எடுத்துத் தா, உப்புக் காணுமா பார் என்று இரண்டு வசனம் ஆங்கிலத்தில் கேட்டால் போதும். அந்த "அப்பிள்" பிள்ளையின் அம்மா இப்போது அப்படித்தான் செய்கிறாராம். போன கிழமை அவரே கேட்டார்: "சொதிக்கு என்ன ரீச்சர் சொல்லுறது?"

சொதி என்றே சொல்லச் சொன்னேன்.