பம்பு இழுக்கும் பெட்ரோலும் அது வரும் பாதையும்

பினாங்கில் பாலிக் புலாவுக்கு மலையேறும் துன் சர்டோன் சாலையில், 1970களில் வந்த, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் உள்ள பிக்கப் ஒன்று உச்சிவெயிலில் பாரத்துடன் ஏறும்போது திணறி நின்றுவிட்டால், விஷயம் தெரிந்த ஓட்டுநர் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைப் போடுவார். சற்று நேரத்தில் வண்டி கிளம்பிவிடும் என்பதால், பம்பு கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டிப் புதியதை வாங்கிவிடுகிறார்கள். டேங்கிலிருந்து பம்பு வரை வரும் குழாயையும் அது செல்லும் பாதையையும் பார்க்காமல் அப்படி முடிவுகட்டக் கூடாது.

இத்தகைய வண்டிகளில் பம்பு பெரும்பாலும் இஞ்சினின் பக்கவாட்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். இஞ்சினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் என்னும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நெம்புகோலைத் தள்ள, அது பம்புக்குள் இருக்கும் சவ்வை இழுக்கிறது. அப்போது உண்டாகும் அழுத்தக் குறைவால் பின்பக்க டேங்கிலிருந்து பெட்ரோல் வருகிறது. பிறகு ஒரு சுருள்வில் சவ்வைத் திருப்பித் தள்ளி, சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 3 முதல் 5 பவுண்டு அழுத்தத்தில் அதைக் கார்புரேட்டருக்கு அனுப்புகிறது. ஆகவே பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சிறு குழாயில் அழுத்தம் கூடுதலாகவும், பம்புக்கு முன், டேங்கிலிருந்து வரும் நீண்ட குழாயில் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைவாகவும் இருக்கும்.

சிக்கல் அந்தக் குறைவில்தான் தொடங்குகிறது. பெட்ரோல் ஒரே பொருளன்று. பல நூறு ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதன் இலகுவான கூறுகளில் ஒன்றான பென்டேன் தனித்து இருந்தால் 36 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கனமான கூறுகளுக்கு 200 டிகிரி வரை தேவை. அழுத்தம் குறையும்போது கொதிநிலையும் குறையும் என்பதால், பம்பு உறிஞ்சும் பக்கத்தில் குழாய் சூடேறினால் பெட்ரோல் அதற்குள்ளேயே ஆவியாகிக் குமிழ்களாகிறது. திரவத்தைத் தள்ளுவதற்கென அமைந்த சவ்வு ஆவியைச் சுருக்கியும் விரித்தும் வீணாக அசைகிறது. கார்புரேட்டருக்கு எதுவும் போய்ச் சேர்வதில்லை. ஈரத்துணி குளிர்விக்கும்போது அந்த ஆவி மீண்டும் திரவமாகிவிடுகிறது.

இதே பக்கத்தில் விழும் விரிசல் இன்னும் ஏமாற்றக்கூடியது. தே ஐஸ் எனும் குளிர்தேநீர் குடிக்கும் உறிஞ்சுகுழலில் ஊசித்துளை இருந்தால் பானம் வெளியே சிந்தாமல் காற்றுதான் உள்ளே வரும். பம்புக்கு முன் உள்ள ஹோஸிலும் அப்படியே, இஞ்சின் ஓடும்போது ஒரு சொட்டுகூடக் கசியாமல் காற்று நுழைந்துகொண்டிருக்கும். கண்ணாடி போன்ற ஃபில்டரைப் பம்புக்கு முன் மாட்டிப் பார்த்தால், குளிர்ந்த இஞ்சினிலேயே சிறு குமிழ்கள் வரிசையாக வருவது தெரியும்.

மாற்றும்போது நீண்ட பகுதிக்கு இரும்புக் குழாயோ செம்பு-நிக்கல் கலவைக் குழாயோ பொருந்தும். வளைக்க எளிது என்று தனிச் செம்பைப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். அது அதிர்வில் இறுகி விரிசல் விடும், பெட்ரோலையும் விரைவில் கெடுக்கும். பினாங்கின் உப்புக்காற்றில் இரும்புக் குழாய் பெரும்பாலும் கிளிப்புக்கு அடியில், ஈரம் தங்கும் இடத்தில்தான் துருப்பிடிக்கிறது; பழையதைக் கழற்றியதும் கிளிப்பைத் தூக்கி அங்கே பார்க்க வேண்டும். ரப்பர் ஹோஸ் பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்டதாக, எஸ்ஏஇ ஜே30 ஆர்7 போன்ற முத்திரை உடையதாக இருக்கட்டும். தண்ணீர் ஹோஸ் பெட்ரோல் பட்டால் ஊதி, உட்புறம் உரிந்து ஃபில்டரை அடைத்துவிடும்.

பாதையைத் தீர்மானிப்பதற்கு நேரம் ஒதுக்குவது வீண்போகாது. குழாய் சேசிஸ் சட்டத்தின் உட்புறத்தை ஒட்டி, புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கமாகச் செல்வதே நல்லது. குறுக்கே கடந்தே ஆக வேண்டுமென்றால் இடைவெளி விட்டு, நடுவே ஒரு தகட்டைத் தடுப்பாக வைக்க வேண்டும். நடுவில் மேடாக எழும்பும் வளைவில் ஆவி தேங்கும். சட்டத்துக்குக் கீழே தொங்கும் பகுதியில் கல் படும். நெளிந்து நசுங்கிய வளைவோ அடைபட்ட ஃபில்டரோ இருந்தால் பம்பு இன்னும் கடுமையாக உறிஞ்ச வேண்டியிருப்பதால், அதுவும் கொதிப்பைத் தூண்டும். இஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடுவதால், சேசிஸிலிருந்து பம்புக்குப் போகும் கடைசித் துண்டு மட்டும் சற்றுத் தளர்ந்த ஹோஸாக இருப்பது அவசியம். மற்றதை ஓரடிக்கோ ஒன்றரை அடிக்கோ ஒரு ரப்பர் கிளிப்பால் அசையாமல் பிடித்துவிடலாம். சில வண்டிகளில் உள்ள திரும்புகுழாயை அடைத்துவிடக் கூடாது. மிச்சப் பெட்ரோலையும் ஆவியையும் டேங்குக்கே அனுப்பி, குளிர்ந்த பெட்ரோல் வந்துகொண்டே இருக்கச் செய்வது அதுதான்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தொலைவிலுள்ள தீப்பொறியையும் எட்டும். எனவே பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பட்டறைப் பள்ளத்தைத் தவிர்த்து, திறந்த வெளியில் வேலை செய்ய வேண்டும். முடித்தபின் டேங்கை நிரப்பி, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பார்க்க வேண்டும். நிறைந்த டேங்கின் உயரம் தரும் அழுத்தம், ஓடும்போது மறைந்திருக்கும் கசிவையும் காட்டிக்கொடுக்கும். இஞ்சினைச் சூடேற்றி நிறுத்தியபின் ஒருமுறையும், சில நாட்களில் ரப்பர் அமுங்கிக் கிளாம்ப் தளரும் என்பதால் மறுமுறையும் இதையே செய்ய வேண்டும்.