ஸ்பூஃபிங்: தமிழில் ஆள்மாறாட்டம்

ஸ்பூஃப் என்பது முதலில் ஓர் ஆட்டத்தின் பெயர். ஆர்தர் ராபர்ட்ஸ் என்ற ஆங்கிலேய நகைச்சுவை நடிகர், ஏமாற்றி ஆடும் ஒரு விளையாட்டுக்கு 1880களில் தானே உருவாக்கி வைத்த சொல். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏமாற்று வேலைக்கே அது பெயராகிவிட்டது. வயர்லெஸ் துறையில், ஒரு கருவி இன்னொன்றின் அடையாளத்தைச் சூட்டிக்கொண்டு அலை பரப்புவதுதான் ஸ்பூஃபிங்.

வைஃபை கருவிகளுக்கு மேக் முகவரி என்ற 48 பிட் நீள அடையாள எண் உண்டு. அது மறைக்கப்படாமலே காற்றில் போகிறது. யாரும் அதைக் குறித்துக்கொண்டு, மென்பொருள் வழியாகத் தன் கருவிக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டடத்தின் நாலு மூலையிலும் அலையை வாங்கி அளக்கும் நாலு ஏற்பிகளை வைக்கிறார்கள். தூரமும் சுவர்களும் சிக்னலைக் குறைப்பதால், ஓரிடத்திலிருந்து வரும் அலைக்கு நாலிலும் பதிவாகும் அளவுகள் சேர்ந்து ஒரு தனிக் கோலமாகும். முகவரியைத் திருடியவன் வேறு இடத்தில் இருந்தால் கோலம் வேறு. அவன் சிக்னலின் திறனைக் கூட்டினாலும் நாலிலும் ஒரே விகிதத்தில்தான் கூடும், கோலம் கலையாது.

சிக்கல் இங்கேதான். கோலம் மாறினால் உண்மையான கருவியே நகர்ந்திருக்கலாமே? மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அளவுகள் படிப்படியாக மாறும். ஒரே முகவரியில் இரண்டு கோலங்கள் நொடிக்கு நொடி மாறி மாறி வந்தால், பேசுவது இரண்டு கருவிகள். உண்மையான கருவி அணைந்து கிடக்கும்போது இந்த வழி உதவாது. அப்போது பார்ப்பது அலைவெண்ணை. கருவிக்குள் துடித்து அலைவெண்ணைத் தீர்மானிக்கும் படிகம், அதற்கென்று குறித்த அளவிலிருந்து பத்து லட்சத்தில் சில பங்கு விலகியே இருக்கும்; அந்த விலகல் கருவிக்குக் கருவி வேறுபடும், அறை மாறினாலும் கூடவே போகும். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் வானொலியை ஒட்டுக்கேட்டவர்கள், மோர்ஸ் தந்திக் குறிகளைத் தட்டும் கைவாகை வைத்தே அனுப்புகிறவர் இன்னார் என்று சொன்னார்கள். அதே போலத்தான் இதுவும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘ஏமாற்றுதல்’ மிகப் பொதுவான சொல். ‘போலி’ கள்ள நோட்டுக்குப் பொருந்தும்; இங்கே முகவரி உண்மையானது, பேசும் கருவிதான் வேறு. தேர்வறையில் ஒருவர் பெயரில் இன்னொருவர் உட்கார்ந்து எழுதினால் நாம் ஆள்மாறாட்டம் என்கிறோம். அந்தச் சொல்லே இதற்கும் சரி. இடமாற்றமா ஆள்மாறாட்டமா என்று கேட்டால், துறையின் முக்கியமான கேள்வியே தமிழில் தெளிவாக வந்துவிடுகிறது. கருவியை ஆள் என்பதா என்று தயங்குபவர்கள் ‘அடையாள மாறாட்டம்’ என்று எழுதலாம்.