கள்ளக் கையெழுத்து ஏன் நடுங்குகிறது?

திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடி ‘டை’ ஆன டெஸ்ட் இருக்கிறதே, அதில் ஆடியவர்கள் கையெழுத்திட்டது என்று சொல்லி ஒரு மட்டையை 40,000 ரூபாய்க்கு விலை பேசுகிறார்களாம். இணையத்தில் கிடைக்கும் படங்களோடு ஒப்பிட்டால் அச்சு அசலாக இருக்கிறது, வாங்கலாமா என்கிறார்.

உருவம் ஒத்துப்போவதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதே படங்களைப் பார்த்து வரைவதுதானே கள்ளக் கையெழுத்துக்காரரின் வேலை? உருவம் அவருக்கு வசப்பட்டுவிடும். வேகம்தான் எளிதில் வசப்படாது.

நாம் கையெழுத்துப் போடும்போது கையைக் கண் நடத்துவதில்லை. கண் பார்த்ததை வைத்து மூளை கையைத் திருத்தக் கிட்டத்தட்ட 0.2 நொடி ஆகும். பழகிய கையெழுத்தில் ஒரு கீற்று, அதாவது பேனாவின் ஒரு இழுப்பு, 0.1 நொடியிலேயே முடிந்துவிடும். பிசகு கண்ணில் படுவதற்குள் பேனா அடுத்த வளைவுக்குப் போயிருக்கும். அதனால் மூளை ஒவ்வொரு கீற்றுக்குமான கட்டளையை முன்கூட்டியே தயாரித்து அனுப்பிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கையெழுத்தைப் போட்டுப் பாருங்கள். வரி கொஞ்சம் ஏறி இறங்கலாம், வடிவம் பெரிதாகக் கெடாது.

மார்கழியில் மயிலாப்பூர் மாட வீதிகளில் சிக்குக் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பழகிய கை புள்ளியைச் சுற்றி ஒரே வீச்சில் மாவை இழுத்துவிடும். பக்கத்தில் அம்மாவைப் பார்த்துப் போடும் சிறுமி ஒவ்வொரு புள்ளியாகக் கவனித்து நகர்வாள். அவள் கோட்டில் சின்னச் சின்ன நெளிவுகள் இருக்கும்.

அந்த நெளிவு எங்கிருந்து வருகிறது? எல்லோருடைய கையும் எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. இது நோயில்லை, உயிருள்ள தசையின் இயல்பு. நொடிக்குச் சுமார் 8 முதல் 12 தடவை. 10 என்றே வைத்துக்கொள்வோம். பேனா நொடிக்கு 10 சென்டிமீட்டர் ஓடினால் ஒவ்வொரு நெளிவும் 1 சென்டிமீட்டர் நீளத்துக்கு இழுபட்டுவிடும். எழுத்தே அவ்வளவு பெரிதில்லை, நெளிவு வளைவுக்குள் கரைந்துபோகும். அதே பேனா நொடிக்கு 1 சென்டிமீட்டர் என்று ஊர்ந்தால், 1 மில்லிமீட்டருக்கு ஒரு நெளிவு. லென்ஸ் வைத்தால் புழு ஊர்ந்த தடம் மாதிரி தெரியும். நடுக்கம் இரண்டிலும் ஒன்றேதான். தடயவியலில் எனக்கு இதைவிடப் பிடித்த கணக்கு கிடையாது.

கீற்றின் இரு முனைகளும் பேசும். வேகமாக எழுதுகிறவரின் பேனா காகிதத்தைத் தொடும்போதே நகர்ந்துகொண்டிருக்கும், விடும்போதும் நகர்ந்துகொண்டே விடும். அதனால் முனைகள் ஊசி போலக் கூர்ந்திருக்கும். பார்த்து வரைகிறவர் பேனாவை ஊன்றிவிட்டுத்தான் கிளம்புவார், முனை மொட்டையாகிவிடும். நடுவில் நிறுத்தி அசலை ஒருமுறை பார்த்துக்கொண்டால் அந்த இடத்தில் மை திட்டாகத் தேங்கும். பயந்து வேகத்தைக் கூட்டினாலோ அவருடைய சொந்தக் கைப்பழக்கம் உள்ளே நுழைந்துவிடும்.

நூற்றுக்கணக்கான தடவை எழுதிப் பழகிவிட்டால்? அப்போது நடுக்கம் மறைந்துவிடும் என்பது உண்மை. பீட்டில்ஸ் குழுவின் கையெழுத்துகளை அவர்களுடைய உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவான்ஸும் ரசிகர்களுக்குப் போட்டுக் கொடுத்தது சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர்கள் தயங்காமல் எழுதியவர்கள், அந்தக் கோட்டில் நடுக்கத்தைத் தேடிப் பயனில்லை. உதவியாளர்களின் கை எப்படி ஓடும் என்று தனியாகப் படித்துத்தான் பிரித்தெடுக்கிறார்கள்.

பீட்டில்ஸ், எல்விஸ் பிரெஸ்லி, மர்லின் மன்றோ, முகமது அலி, பேஸ்பால் வீரர் பேப் ரூத் ஆகியோர் கள்ளக் கையெழுத்துக்காரர்களுக்கு மிகவும் பிடித்தமானவர்கள். 1990களில் அமெரிக்காவின் எஃப்பிஐ தொடங்கிய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் அன்னை தெரசாவின் கள்ளக் கையெழுத்து போட்ட பேஸ்பால் பந்துகள்கூடச் சிக்கின. அந்த அம்மையார் பேரையும் விடவில்லை என்று படித்தபோது மனசு கஷ்டப்பட்டது.

சில நேரம் லென்ஸ்கூடத் தேவையில்லை, காலண்டர் போதும். லாஸ்லோ பிரோ தன் பால்பாயின்ட் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றது 1938இல். ராமானுஜன் மறைந்தது 1920, பாரதியார் 1921. இவர்கள் பெயரில் பால்பாயின்ட் கையெழுத்து வந்தால் அங்கேயே கதை முடிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசிக் கோட்டை மேலே இழுத்தால் பணம் சேரும், அடிக்கோடு போட்டால் பதவி வரும் என்று சொல்லிக் கையெழுத்தை மாற்றிக் கொடுக்கக் காசு வாங்குகிறார்கள். அதற்கும் இந்த அறிவியலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கோடு எப்படி எழுதப்பட்டது என்பதைக் கோடு காட்டும். எழுதியவரின் தலைவிதி அதில் இல்லை. வேலை கிடைக்காத பிள்ளைகள் இதற்குப் பணம் கட்டுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. தடயவியலுக்கு முன்னோடியான அரசு இரசாயனப் பரிசோதனைக் கூடத்தை 1849இலேயே தொடங்கிய ஊர் நம் சென்னை. தமிழ் எழுத்தில் வளைவுகள் அதிகம்; ‘ழ’வையும் ‘ஞ’வையும் வேகமாக எழுதும்போது கை என்ன செய்கிறது என்று ஆயிரக்கணக்கான தமிழ்க் கையெழுத்துகளை வைத்து ஆராய அரசு தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும். உயில் வழக்குகளும் பத்திர மோசடி வழக்குகளும் நம் நீதிமன்றங்களில் இருந்துகொண்டேதான் இருக்கின்றன.

சரி, மட்டைக்கு வருவோம். சாதாரண லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். முதலில் முனைகளைப் பாருங்கள், கூர்மையா மொட்டையா என்று. நடுவில் மைத் திட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். மரத்தின் நார்வழியே மை கொஞ்சம் பரவுவது இயல்பு, அதை நெளிவு என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்புறம் எல்லாக் கையெழுத்துகளையும் சேர்த்துப் பாருங்கள். இரு அணிகளையும் சேர்த்தால் 22 பேர். ஒருவர் அழுத்தி எழுதுவார், ஒருவர் பட்டும் படாமல் கிறுக்குவார், ஒருவர் சாய்த்து இழுப்பார். மட்டை முழுக்க ஒரே அழுத்தமும் ஒரே வேகமும் தெரிந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.