நான்கு பக்கமும் சரியாக இருந்தால் போதாது, குறுக்கேயும் டேப் பிடியுங்கள்

டைல்ஸ் ஒட்டும் நாளில்தான் பல வீடுகளில் கோணல் கண்ணில் படுகிறது. ஹாலின் ஒரு மூலையில் முழு டைல் உட்காரும். அதே சுவரின் மறுமூலையில் இரண்டு அங்குலச் சிம்பு வெட்டிச் சொருக வேண்டியிருக்கும். டைல்ஸ்காரர் மேல் தவறில்லை. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முன்பே, நூல் கட்டிய அன்றே வீடு கோணிவிட்டது.

30க்கு 40 அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். முளை அடித்து, நூல் கட்டி, எதிரெதிர்ப் பக்கங்களை அளந்ததும் "அளவு சரியா இருக்கு சார்" என்பார் மேஸ்திரி. அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் இணைகரத்துக்கும் எதிர்ப்பக்கங்கள் சமம்தானே! செவ்வகம் என்றால் மூலைவிட்டங்களும் சமமாக வரவேண்டும். இந்த வீட்டுக்கு இரண்டும் 50 அடி. பின்பக்க 40 அடி நூல் 3 அங்குலம் பக்கவாட்டில் நழுவியிருந்தால், ஒன்று 50 அடி 2½ அங்குலத்தையும் மற்றது 49 அடி 9½ அங்குலத்தையும் ஒட்டி வரும். பக்கங்களை அளக்கும்போது தெரியாத தவறு, குறுக்கே பிடித்ததும் 5 அங்குல வித்தியாசமாகத் தெரிந்துவிடும்.

சரிசெய்யும்போது பின்பக்க முளைகள் இரண்டையும் நூலின் போக்கிலேயே, ஒரே திசையில், 3 அங்குலம் நகர்த்துங்கள். நீளமான மூலைவிட்டம் குறையும் திசை அது. ஒரு முளையை மட்டும் தட்டினால் பக்க அளவு கெட்டுவிடும். மூலைவிட்டம் மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம்: முன்பக்கம் 40, பின்பக்கம் 39½ என்று இருக்கும் சரிவகத்திலும் இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக வரலாம். ஆகவே நான்கு பக்கம், இரண்டு மூலைவிட்டம் என ஆறு அளவும் வேண்டும்.

முதல் மூலையைப் பிடிக்க 3-4-5 கணக்கு எல்லா மேஸ்திரிக்கும் தெரியும்: மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடி, மற்ற நூலில் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் இடையே 5 அடி வந்தால் மூலை செங்கோணம். சிக்கல் அந்த முக்கோணம் சிறியதாக இருப்பதில்தான். 5 அடி வரவேண்டிய இடத்தில் அரை அங்குலம் பிசகினால் மூலை 1 டிகிரி விலகும். 30 அடி தள்ளிப் போனால் அது 6 அங்குலத்துக்கு மேல். அதே அரை அங்குலப் பிசகு 9-12-15 முக்கோணத்தில் வந்தால், 30 அடியில் 2 அங்குலம்தான் விலகும். இடம் இருக்கும்வரை பெரிய முக்கோணம் போடச் சொல்லுங்கள்.

இன்னொரு தவறு செல்போன் கால்குலேட்டரில் நடக்கிறது. 30க்கு 45 வீட்டின் மூலைவிட்டம் 54.08 என்று காட்டும். அதை 54 அடி 8 அங்குலம் என்று படித்துவிடுகிறார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பது அடியின் பின்னம். அதை 12ஆல் பெருக்கினால்தான் அங்குலம் வரும். சரியான அளவு 54 அடி 1 அங்குலம்.

டேப் தொய்யக்கூடாது. சரிவான மனையில் தரையோடு படுக்கவைத்து அளந்தால் சாய்வின் நீளம்தான் கிடைக்கும், ஆகவே மட்டமாகப் பிடிக்க வேண்டும். முளைத்தலையில் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி அளப்பதே நம்பகமானது.

மனையே கோணலாக இருந்தால் காம்பவுண்டுச் சுவருக்கு இணையாக எல்லா நூலையும் இழுக்காதீர்கள். புலப்படத்தை (மனையின் சர்வே வரைபடம்) பார்த்து, ஒரு பக்கத்தை மட்டும் ஆதாரமாக எடுத்து வீட்டைச் செவ்வகமாக்குங்கள். கோணல் பக்கவாட்டுக் காலியிடத்தில் போகட்டும், அறைக்குள் வரவேண்டாம்.

தூணுக்குக் கான்கிரீட் வார்க்கும் அச்சான தூண் பெட்டிக்கும் இதே சோதனைதான். 9க்கு 12 அங்குலப் பெட்டியின் உள் மூலைவிட்டம் இரண்டும் சரியாக 15 அங்குலம் வரவேண்டும். தூக்குக்குண்டு விட்டு நேராக நிற்கிறது என்று பார்த்தாலும், பெட்டி உள்ளே கோணியிருக்கலாம். கம்பிக்கூடு செவ்வகமாகவே நிற்பதால், ஒரு மூலையில் கம்பிக்கு வெளியே வேண்டிய 40 மி.மீ. கான்கிரீட் குறைந்துபோகும். பிற்காலத்தில் அந்த மூலையில்தான் கம்பி துருப்பிடித்து வெடிப்பு விடும். பெட்டியின் அடியில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, மேலே ஒருமுறை அளந்த பிறகே கான்கிரீட் போட அனுமதியுங்கள்.