மலையிலிருந்து படகுத் தொழிலுக்கு: பத்தாவது முடித்தவர்களுக்கு என்ன பயிற்சி, என்ன சலுகை?

ஊட்டி ஏரியிலும் பைக்காராவிலும் ஓடும் படகுகள் பெரும்பாலும் பைபர். ஓட்டை விழுந்தால் அந்த இடத்தைத் தேய்த்து, பைபர் மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பை வைத்து, ரெசின் என்ற பிசினில் அதை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து பூச வேண்டும். கடலோர வெயிலில் சட்டென்று இறுகும் ரெசின், ஊட்டி மார்கழிக் குளிரில் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே கிடக்கும். படகு வேலை நமக்குத் தெரியாத வேலை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் பையன் கப்பல் பக்கம் போகிறேன் என்றால், "அதெல்லாம் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு" என்று வீட்டிலேயே பேச்சை முடித்துவிடுகிறார்கள். மீனவர் நலத் திட்டம் வேறு, பயிற்சிச் சேர்க்கை வேறு. கீழே சொல்லும் எதற்கும் கடலோர முகவரி தேவையில்லை.

முதல் படி உள்ளூரிலேயே இருக்கிறது. குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) உண்டு. கப்பல் கட்டும் தளங்கள் ஆளெடுக்கும்போது அதிகம் கேட்பது பிட்டர் (இயந்திரப் பாகங்களைப் பொருத்துபவர்), வெல்டர், எலக்ட்ரீஷியன் சான்றிதழ்தான். டீ பேக்டரிக்குப் போகிறவரும் கப்பல் தளத்துக்குப் போகிறவரும் படிப்பது ஒரே பாடம். வெல்டர் 1 ஆண்டு, எட்டாவது தேர்ச்சி போதும். பிட்டர் 2 ஆண்டு, பத்தாவது வேண்டும். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். இந்தத் திட்டங்கள் கல்லூரிக்கு மட்டும் என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் உண்டு; ஐடிஐக்கும் பொருந்தும்.

அப்புறம் அப்ரண்டிஸ், அதாவது நிறுவனத்திலேயே உதவித்தொகையோடு வேலை பழகும் தொழிற்பழகுநர். 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். ஐடிஐ முடித்தவருக்கு 2019 விதித் திருத்தம் குறைந்தபட்சமாக வைத்தது மாதம் 7,000 ரூபாய் உதவித்தொகை. விசாகப்பட்டினம் கடற்படைக் கப்பல் தளத்தின் அப்ரண்டிஸ் பள்ளிக்கு நாடு முழுவதிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே பத்தாவதில் 50 சதவீதமும் ஐடிஐயில் 65 சதவீதமும் கேட்பார்கள். ஐடிஐ மார்க்கை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சீனியர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். சில தளங்கள் தங்கள் மாநிலத்தவரை மட்டுமே எடுக்கும். அறிவிப்பில் முதலில் அந்த வரியைத் தேடுங்கள்.

நேராகக் கடல் தொழிலே வேண்டும் என்றால் மத்திய மீன்வளத் துறையின் சிஃப்நெட் (CIFNET) என்ற பயிற்சி நிறுவனம் இருக்கிறது. 1963-இல் கொச்சியில் தொடங்கியது. சென்னைக் கிளை ராயபுரத்தில், மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் சென்னை. மீன்பிடிக் கப்பலைச் செலுத்தக் கற்றுத்தரும் வெசல் நேவிகேட்டர், அதன் இன்ஜினைப் பார்த்துக்கொள்ளக் கற்றுத்தரும் மரைன் பிட்டர் என்று இரண்டு படிப்புகள், இரண்டும் 2 ஆண்டு. பத்தாவதில் கணக்கிலும் அறிவியலிலும் தனித்தனியே 40 சதவீதம் வேண்டும்; நுழைவுத் தேர்வும் உண்டு. நேவிகேட்டருக்குப் போகிறவர் நிறக்குருடு இல்லை என்று கண் டாக்டரிடம் முன்பே பார்த்துவிடுவது நல்லது. இரவில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சிவப்பு, பச்சை விளக்கை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் சிஃப்நெட்டில் வயதில் 5 ஆண்டு தளர்வு உண்டு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் கவனிக்க: பழங்குடியினர் சான்றிதழைத் தருவது தாசில்தார் அல்ல, வருவாய் கோட்டாட்சியர். விசாரணைக்கு நாளாகும், அதனால் தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே மனு கொடுங்கள்.

கடைசியாக ஏஜெண்டுகள். கப்பலில் வேலை வாங்கித்தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்பவர் மலைக்கும் வருகிறார். கப்பலுக்கு ஆளெடுக்கும் நிறுவனம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும்; வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்க அதற்கு அனுமதியே கிடையாது. உரிம எண்ணைக் கேளுங்கள், இயக்குநரகத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்.