வேலை நாளில் மட்டும் ஏறும் ரத்த அழுத்தம்

பணிச்சுமையால் உடல்நலம் கெட்டவர்கள் மன அழுத்தம் என்று சொல்லிக்கொண்டு எங்களிடம் வருவது அரிது. நெஞ்செரிச்சல், பின்கழுத்து வலி, நடுஇரவில் விழிப்பு வந்தால் மறுபடி தூக்கம் பிடிக்காமை என்றே வருகிறார்கள். கேஸ்ட்ரிக் மாத்திரைகளும் வலித் தைலமும் மாதக்கணக்கில் தீர்ந்த பிறகுதான், அதுவும் நாங்கள் துருவிக் கேட்டால்தான், அலுவலகத்தைப் பற்றிய பேச்சு எழுகிறது.

நாற்பது வயதை நெருங்கும் ஒருவர், கடன் வசூல் பிரிவில் பணிபுரிபவர், ஓயாத தலைவலியுடன் வந்தார். விடுமுறை நாளில் கிளினிக்கில் அளந்தபோது ரத்த அழுத்தம் ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது. அரை மணிக்கொருமுறை தானாக அளந்து பதிவுசெய்யும் 24 மணி நேரக் கருவியை ஒரு வேலை நாளில் கையில் கட்டி அனுப்பினோம். காலை டார்கெட் கூட்டம் நடந்த நேரத்தில் 158/100 என்று ஏறிய அளவு மாலை வரை இறங்கவே இல்லை. உறக்கத்தில் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் குறைய வேண்டிய அழுத்தம், கைபேசியில் மேலாளரின் செய்திகள் வந்துகொண்டிருந்த அந்த இரவில் பெயரளவுக்கே குறைந்திருந்தது. கிளினிக்கில் பிடிபடாத இத்தகைய உயர் ரத்த அழுத்தமும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கவே செய்யும்.

ஆபத்து வந்தால் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரப்பது உடலின் தற்காப்பு. ஆபத்து நீங்கியதும் அவை தணிய வேண்டும். தணிய இடமில்லாமல் நாள்கள் தொடரும்போதுதான் சர்க்கரை ஏறுகிறது, வயிறு கெடுகிறது, கவனம் சிதறுகிறது, வீட்டில் குழந்தை கேட்கும் சாதாரணக் கேள்விக்கும் கோபம் வருகிறது. சிலருக்கு அது திடீர்ப் படபடப்பாகவும் மரண பயமாகவும் வெளிப்பட, அவசரப் பிரிவுக்கு ஓடி, இசிஜி சரியாக இருக்கிறது என்ற பதிலுடன் திரும்புகிறார்கள்.

மன அழுத்தம் என்பது பெரிய பதவிக்காரர்களின் நோய் என்ற எண்ணம் நம்மிடம் வலுவாக உள்ளது. பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது: கடைநிலை ஆண் ஊழியர்கள் மாரடைப்பு நோயால் இறந்த விகிதம் உயரதிகாரிகளுடையதைவிட மூன்று மடங்குக்கும் மேல். புகைபிடித்தல் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தும் அந்த இடைவெளி மறையவில்லை. தன் வேலையின் வேகத்தையும் முறையையும் தானே தீர்மானிக்க முடியாமை அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று பிற்பாடு தெரியவந்தது. நேரமும் சேர்ந்தே வதைக்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் தெரிவித்தன.

ஆகவே, இலக்கையும் நேரத்தையும் தொடாமல் மாதமொரு யோகா வகுப்பு நடத்தும் நிறுவனங்கள்மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அந்தக் கடன் வசூல் பிரிவு ஊழியருக்கு மாத்திரையோடு, இரவு நேர அழைப்புகளைத் தவிர்க்கக் கோரும் கடிதமும் தந்தோம். இரண்டும் சேர்ந்தே பலன் தந்தன.

நெஞ்சுவலியை மட்டும் டென்ஷன் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். உடனே இசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். உறக்கமின்மையோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ வாட்டினால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். தலைவலியோ படபடப்போ அடிக்கடி வருபவர்கள், வேலை நாளின் நடுவில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, ரத்த அழுத்தத்தை இருமுறை அளந்து, நேரத்துடன் குறித்துக்கொண்டு வாருங்கள்; 135/85ஐத் தொடர்ந்து தாண்டினால் மருத்துவரிடம் அந்தத் தாளையே காட்டலாம்.